இலக்கிய விழாவை எங்கள் கிளை நூலகத்திலேயே நடத்த விடுங்கள்: மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட நூலக ஆணைக்குழுவின் தலைவர், உறுப்பினர்கள், மாவட்ட நூலக அலுவலர் ஆகியோருக்கு,

கிளை நூலகங்களில் இனி தனித்தனியாக இலக்கிய விழா நடத்த வேண்டாம் என்று உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. மாவட்டத் தலைநகரில் உள்ள அரங்கில், ஒரு வேலை நாளில், எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து ஒரே விழா. அந்தந்த ஊர் வாசகர் வட்டம் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து சேர வேண்டும். செலவு குறையும், கூட்டம் கூடும், ஏற்பாடு சீராக இருக்கும் என்று மூன்று காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள்.

கிளை நூலகத்தில் விழா நடத்திப் பழகிய வாசகர் வட்டத்தினராக இதற்கு மறுப்புத் தெரிவிக்கிறோம். செலவு குறையும் என்பது கணக்குப் போட்டால் நிற்காது. ஐம்பது பேரைத் தலைநகருக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட ஒரு பேருந்து வாடகை, மதியச் சாப்பாடு, இருவேளைத் தேநீர் ஆகிவிடும். அதே தொகையில் எங்கள் ஊரில் சாமியானா, நாற்காலி, ஒலிபெருக்கி மூன்றையும் ஒரு நாளுக்கு எடுத்துவிடலாம். கூட்டம் கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்து எந்தக் கிளை நூலகத்துக்கும் புதிதாக ஓர் உறுப்பினர்கூட வரமாட்டார். ஏற்பாடு பற்றிய உங்கள் கவலை மட்டும் நியாயமானது. கிளை விழாக்களில் பல கோளாறுகள் நடந்திருக்கின்றன. அவை ஏன் நடந்தன, எப்படித் தவிர்க்கலாம் என்பதை இந்த மடலில் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். பெரிய மேடைகளுக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. பொது நூலகத் துறை 2022 முதல் பொருநை, சிறுவாணி, காவிரி, வைகை என்று ஆறுகளின் பெயரில் நடத்திய இலக்கியத் திருவிழாக்கள் வேண்டியவைதாம். மாவட்டந்தோறும் அரசு ஆதரவில் நடக்கும் புத்தகத் திருவிழாக்களும் வேண்டியவைதாம். ஊரெல்லாம் ஒன்றுகூடிப் பெரிய எழுத்தாளர்களைப் பார்க்கவும் கேட்கவும் அந்த இரண்டு வாய்ப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. அதே மாதிரி மூன்றாவது ஒன்றைத் தொடங்க, கிளைகளில் நடந்துவந்ததை நிறுத்துகிறீர்கள். இல்லாமல் போகப்போவது, நடந்து வந்து உட்காரக்கூடிய தொலைவில் இருந்த ஒரே விழா.

கிளை நூலக விழா மற்றவற்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்றால், பேச்சு முடிந்து எழுந்து பத்து அடி நடந்தால் அந்தப் புத்தகம் அலமாரியில் இருக்க வேண்டும். விழாவின் உயிர் அதுதான். கேட்டவுடன் எடுத்துப் புரட்டி, பிடித்தால் உறுப்பினர் அட்டையில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அரங்கில் கேட்டவர் வீடு திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். மறுநாள் வேலை. ஒரு வாரத்தில் எழுத்தாளரின் பெயரே மறந்துவிடும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழி இரங்கநாதன் வகுத்த விதியை நூலக வார விழாவில் பதாகையில் எழுதி மாட்டுகிறோம். அந்த விதி நடைமுறையில் நிகழும் இடம் அலமாரிக்கும் நாற்காலிக்கும் இடையே உள்ள அந்தப் பத்து அடிதான்.

ஆனால் அந்த அலமாரியில் புத்தகம் இருப்பதில்லை. இதுதான் கிளை விழாக்களின் மிகப் பெரிய கோளாறு. அதன் வேர் உங்களிடமும் துறையிடமும் இருக்கிறது. நூல் கொள்முதல் மேலே மையமாக நடக்கிறது. கிளை நூலகர் தன் ஊர் வாசகர் கேட்கும் ஒரு புத்தகத்தை ஒரே ஒரு பிரதி வாங்கக்கூட வழியில்லை. எழுத்தாளரை அழைத்துவிடுகிறோம், அவர் எழுதிய ஐந்து நூல்களில் ஒன்று இருக்கிறது, அதுவும் இரவலில் போயிருக்கிறது. வாசகர்களோ பதிப்பகமோ நன்கொடையாகக் கொடுத்த பிரதி மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பதிவேட்டில் ஏறி எண் பெறாத நூலை இரவல் கொடுக்க முடியாது. ஏற்றுவதற்கு மேலிருந்து ஒப்புதல் வர வேண்டும். அது விழா முடிந்த பிறகு வருகிறது.

படிக்காமல் வந்த கூட்டத்தையும் படித்துவிட்டு வந்த கூட்டத்தையும் கேள்வி நேரத்தில் பிரித்துச் சொல்லிவிடலாம். நூல் கிடைக்காத ஊரில் "எப்போது எழுதத் தொடங்கினீர்கள்", "இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்" என்ற இரண்டு கேள்விகளோடு முடியும். நூல் முன்கூட்டியே கைமாறிய ஊரில் அந்தப் பாத்திரம் ஏன் ஊருக்குத் திரும்பவில்லை, அந்தக் கதையின் கடைசிப் பத்தி எதற்கு என்று கேட்பார்கள். எழுத்தாளர் நிமிர்ந்து உட்காருவார். அப்படிக் கேட்ட ஒருவர் அடுத்த மாதமும் நூலகத்துக்கு வருவார்.

இதற்கான வழிமுறை கடினமானது அல்ல. விழாவுக்கு 90 நாள் முன்னால் அழைக்கப்போகும் மூன்று அல்லது நான்கு எழுத்தாளர்களை முடிவு செய்ய வேண்டும். அதற்கு மேல் ஒரு நாளில் தாங்காது. ஒவ்வொருவருக்கும் இரண்டு நூல்கள், அவற்றில் ஒன்று 150 பக்கத்துக்குள் இருப்பது நல்லது. தையல் வேலை முடித்து இரவில் படிப்பவரும் முடித்துவிடுவார். விழாவுக்கு 75 நாள் இருக்கும்போதே மாவட்ட மைய நூலகத்திலிருந்தும் பக்கத்துக் கிளைகளிலிருந்தும் ஒவ்வொரு தலைப்பிலும் ஐந்து பிரதிகள் இடமாற்றமாக வர வேண்டும். எட்டு முதல் பத்துப் பேர் கொண்ட படிப்புக் குழுவுக்கு ஐந்து பிரதி போதும். பத்து நாளில் கைமாறிவிடும். மாதம் ஒரு முறை ஞாயிறு மாலை கூடிப் பேசினால், விழாவுக்கு முன் இரண்டு கூட்டங்கள் கிடைக்கும். அந்தக் கூட்டங்களில் எழும் கேள்விகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் விழா நாளில் மைக்கைப் பிடித்துத் தயங்கி நிற்கும் நிலை வராது.

இதில் தடைபடும் ஒரே இடம் இடமாற்ற அனுமதி. கிளையிலிருந்து கடிதம் போய், கோப்பு நகர்ந்து, பதில் வருவதற்குள் பல வாரங்கள் கழிந்துவிடுகின்றன. எந்தக் கிளையில் எத்தனை பிரதி இருக்கிறது என்பதைத் தேடவும் கிளை நூலகர் ஒவ்வொரு கிளைக்கும் தொலைபேசியில் கேட்க வேண்டியிருக்கிறது. ஓர் ஒற்றைப் பக்கப் படிவமும் ஏழு நாள் கெடுவும் இருந்தால் இந்த முடிச்சு அவிழ்ந்துவிடும்.

அடுத்தது நாள். ஒரு மாவட்டம் முழுவதற்கும் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரே தேதியைக் குறிப்பது ஏன் தவறு என்பதற்கு நாள்காட்டியே சாட்சி. நூலக வார விழா நவம்பர் 14 முதல் 20 வரை. வடகிழக்குப் பருவமழையின் நடுப்பகுதி அது. முற்றத்தில் போட்ட சாமியானாவில் மழைநீர் தொட்டியாகத் தேங்கி நடுக்கம்பு சாயும். நாற்காலிகளை உள்ளே தூக்கிப்போட்டால் பாதிப் பேருக்கு இடமில்லை. அந்த வாரத்தில் சிறுவர் கதைநேரம், நூல் கண்காட்சி, உறுப்பினர் சேர்க்கை என்று உள்ளரங்க நிகழ்ச்சிகளை வைத்துக்கொண்டு பெரிய விழாவைத் தள்ளிவைப்பதே சரி. டிசம்பர் கடைசியும் ஜனவரியும் சென்னைப் புத்தகக் காட்சிக் காலம். எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் அங்கே இருப்பார்கள். பிப்ரவரி, மார்ச் பொதுத்தேர்வுக் காலம்; பிள்ளைகள் மட்டுமல்ல, தாய்மாரும் வீட்டை விட்டு நகர மாட்டார்கள். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், பொருத்தமான நாள்தான். ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ தாழ்ந்த கான்கிரீட் தளமோ உள்ள கிளையில் சித்திரை வெயிலில் மாலை ஐந்து மணிக்கு முன் யாரையும் உட்காரவைக்க முடியாது.

ஆகஸ்ட் 12 இரங்கநாதன் பிறந்தநாள், நூலகர் தினம். அதையொட்டி வைக்கலாம் என்றால் அது ஆடி மாதத்தின் கடைசி. ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுகிற ஊர்களில் கோயில் கூம்பு ஒலிபெருக்கி காலை முதல் பாடும். கோயில் திருவிழா நாளன்று நூலக விழா வைத்தால் தோற்பது நூலகம்தான், தோற்கவும் வேண்டும்; அது ஊரின் விழா. ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்தம். முகூர்த்த நாளில் நாற்காலி வாடகை ஏறிவிடும், ஒலிபெருக்கிக்காரர் கிடைக்கமாட்டார், வாசகர் வட்டத்தில் பாதிப் பேர் கல்யாண வீட்டில் இருப்பார்கள். ஆக முகூர்த்தம் இல்லாத ஞாயிறு, கோயில் கொடை இல்லாத வாரம், விநாயகர் சதுர்த்திக்கு முந்தியோ பிந்தியோ பத்து நாள் விலகி, அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பெரிய தேர்வுகளுக்கு முந்தைய மூன்று வாரத்தைத் தவிர்த்து ஒரு நாளைப் பிடிக்க வேண்டும். அந்த நாள் ஊருக்கு ஊர் மாறும். உள்ளூர்க்காரர்தான் அதைச் சொல்ல முடியும். வேலை நாளில் வைத்தால் அரங்கில் யார் இருப்பார்கள் என்பதும் தெரிந்ததே. பள்ளிப் பேருந்துகளில் சீருடையோடு கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் இருப்பார்கள். மூன்றரை மணிக்குப் பேருந்து கிளம்ப வேண்டும் என்பதால் கவிஞர் பேசிக்கொண்டிருக்கும்போதே வரிசை வரிசையாக எழுந்து போவார்கள். அது பிள்ளைகளின் குற்றம் அல்ல.

இடவசதி குறைவு என்ற குறைபாட்டுக்கு வருகிறோம். 20-க்கு 30 அடி வாசிப்புக் கூடம் என்றால் 600 சதுர அடி. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுக்குக் கால் நீட்டும் இடமும் சேர்த்து 6 சதுர அடி வேண்டும். நடுவே மூன்றடி நடைபாதை, முன்னால் பேசுபவருக்கு எட்டு அடி விட்டால் 60 முதல் 70 பேர் வசதியாக உட்காரலாம். நூறு நாற்காலி போட முயன்றால் அலமாரியை நகர்த்தத் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. நிறைந்த இரும்பு அலமாரியை இழுத்தால் கால் வளையும். நூல்களை இறக்கிவிட்டு இழுத்தால் பகுப்பு எண் வரிசை கலையும். திரும்ப அடுக்க ஒற்றை ஆளாக இருக்கும் நூலகருக்கு இரண்டு மூன்று நாளாகும். அந்த நாட்களில் கேட்ட நூல் கிடைக்காமல் வாசகர் திரும்பிப்போவார். நாளிதழ் மேசைகளை மட்டும் ஓரத்துக்குத் தள்ளி, மிச்சக் கூட்டத்துக்கு முற்றத்தில் 18-க்கு 36 அடிச் சாமியானா போட்டால் மேலும் நூறு பேருக்குப் போதும். சன்னல்களைத் திறந்து வைத்தால் உள்ளே பேசுவது வெளியிலும் கேட்கும். ஒரு சிறிய ஒலிபெட்டி முற்றத்துக்குப் போதும்.

ஒலி அமைப்பில் நடக்கும் தவறுகளே விழாவைக் கெடுப்பதில் முன்னிற்பவை. கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகும் இரண்டு பெரிய பெட்டிகளை மேடைக்கு இரு பக்கமும் வைத்து முழு அளவில் திருப்புகிறார்கள். தாழ்ந்த தளத்திலும் இரும்பு அலமாரியிலும் பட்டு ஒலி சிதறும். முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்குச் சொல் புரியாது. பெட்டி மைக்குக்குப் பின்னால் இருந்தால் மைக் வீறிடும். ஆகவே மேடைக்கு முன்பக்கம், சுவர் ஓரமாக, தலை உயரத்தில் சிறிய தூண் ஒலிபெட்டிகள் நான்கு, ஒவ்வொன்றும் குறைந்த அளவில். பேசுபவர் தலைக்கு மேலுள்ள மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றபடி சுழலும் விசிறி ஒன்று. இல்லையென்றால் காற்றுச் சத்தம் மைக்கில் ஏறும். கேள்வி நேரத்துக்குக் கம்பியில்லா மைக் ஒன்று, புதிய பேட்டரி ஒரு சோடி கையில் தயாராக. சிறுவர் கதைநேரத்துக்கு மைக்கே வேண்டாம்: ஜமுக்காளம் விரித்து, ஒரு கதைசொல்லிக்கு 25 பிள்ளைகளுக்கு மிகாமல்.

கிளை நூலகத்தின் மின் இணைப்பு பெரும்பாலும் ஒருமுனை இணைப்புதான். ஒலிப்பெருக்கி, விசிறிகள், விளக்குகளைத் தாங்கும். அதே பலகையில் தேநீர்க் கொதிகலனையோ மின் அடுப்பையோ சொருகினால் ஃபியூஸ் போய்விடும், பேச்சு நடுவில் நின்றுவிடும். தேநீரை வெளியே போட்டுத் தூக்குவாளியில் கொண்டுவந்தால் தீர்ந்தது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் அந்த வாரத்துப் பராமரிப்பு மின்தடை நாளைக் கேட்டுவிட வேண்டும். காவல் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதியை ஒரு வாரம் முன்னால் வாங்கிவிட வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் என்பதும், இரவு 10 மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதும் விதி. எட்டு மணிக்கு முடித்துவிட்டால் அந்தச் சிக்கலே இல்லை, கடைசிப் பேருந்தும் கிடைக்கும்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு விழா தொந்தரவு என்று முன்பு ஒரு புகார் வந்தது. அதை நாங்கள் முழுமையாக ஏற்கிறோம். காலை எட்டு மணிக்கு வந்து தண்ணீர்ப் புட்டியை மேசையில் வைத்து இடம்பிடிக்கும் அவர்கள்தாம் கிளை நூலகத்தின் அன்றாட வாசகர்கள். விழா அன்று அவர்களுக்கு மாற்று அறை கொடுக்காமல் வெளியேற்றுவது தவறு. பக்கத்து அரசுப் பள்ளியில் ஒரு வகுப்பறையைத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெறலாம், ஞாயிற்றுக்கிழமையில் மறுக்கமாட்டார்கள். தேர்வுக்கான குறிப்பு நூல்களை ஒரு பெட்டியில் எடுத்து அங்கே வைத்துவிட வேண்டும். இதைச் செய்த விழாக்களில் அந்த இளைஞர்களே மாலையில் நாற்காலி அடுக்கக் கைகொடுத்தார்கள்.

தொடக்க விழாவை ஒழுங்குபடுத்தினாலே பாதிக் குறை தீரும். பத்து மணி என்று அச்சிட்டுப் பன்னிரண்டுக்குத் தொடங்கி, ஏழு வாழ்த்துரை, பதினைந்து பொன்னாடை முடிவதற்குள் எழுத்தாளர் பேச வேண்டிய நேரம் போய்விடுகிறது. தொடக்கத்துக்கு மொத்தம் 20 நிமிடம். வரவேற்பும் தலைமையும் ஒருவரே. பொன்னாடைக்குப் பதில் ஆளுக்கு ஒரு புத்தகம். அதையும் பேசி முடித்த பிறகு கொடுக்கலாம். அமர்வு ஒன்றுக்கு 40 நிமிடம் பேச்சு, 20 நிமிடம் கேள்வி, பிறகு அலமாரிப் பக்கம் போக 20 நிமிட இடைவெளி. இந்த இடைவெளியை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாது. நூலகர் தம் மேசையிலேயே இருக்க வேண்டும், மேடையில் அல்ல. உறுப்பினர் படிவம், காப்புத்தொகைக்கான ரசீதுப் புத்தகம், சில்லறை, பேனா நான்கு அந்த மேசையில் தயாராக இருக்க வேண்டும். முகவரிச் சான்றின் நகல் எடுக்க ஞாயிற்றுக்கிழமை ஜெராக்ஸ் கடை திறந்திராது. ஆகவே விழா அறிவிப்புத் தாளிலேயே "உறுப்பினராக விரும்புவோர் முகவரிச் சான்று நகலுடன் வரவும்" என்று போட வேண்டும். இந்த ஒற்றை வரியை விட்டுவிட்டால் சேர வந்தவர்கள் நாளைக்கு வருகிறோம் என்று போவார்கள், வரமாட்டார்கள்.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை மனம் நொந்து எழுதுகிறோம். பல கிளை நூலகங்களில் பெண்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை இல்லை. இருக்கும் இடத்தில் தண்ணீர் இல்லை, அல்லது உடைந்த மேசை நாற்காலிகளைப் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பெண்கள் மூன்றாவது அமர்வுக்கு இருப்பதில்லை. பெண்களுக்கு இலக்கிய ஆர்வம் குறைவு என்று இதற்கு விளக்கம் சொல்லப்படுகிறது. வாசலில் மூன்று படி ஏற முடியாத முதியவரும் சக்கர நாற்காலிக்காரரும் வெளியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு சாய்தளம் கட்ட ஒரு கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை. விழாவைத் தலைநகருக்குக் கொண்டுபோனால் இந்தக் குறைகள் கண்ணிலிருந்து மறையும். ஆண்டின் மற்ற நாட்களில் அதே கட்டடத்துக்கு வருபவர்கள் இருக்கிறார்கள்.

பணம் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு தனி வரி இருக்கிறது: சொத்துவரி ரூபாய்க்கு 10 காசு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம் கொடுத்த ஏற்பாடு அது. எங்கள் ஊரின் ஒவ்வொரு வீடும் அதைக் கட்டுகிறது. உள்ளாட்சி அமைப்பு வசூலித்து உங்களிடம் சேர்க்க வேண்டிய அந்தப் பணத்தில், ஊர் நூலகத்தின் ஒரு நாள் விழாவுக்கு ஒரு பங்கு கேட்பது சலுகை கேட்பதாகாது.

ஆளையும் மறக்க வேண்டாம். கிளை நூலகர் பெரும்பாலும் ஒற்றை ஆள். நூல் வழங்கல், பதிவேடு, நாளிதழ் பில், பூட்டு சாவி எல்லாம் அவர் தலையில். விழா நாளில் காலை ஆறு மணிக்கு வந்து இரவு ஒன்பதுக்குப் பூட்டுகிறார். அதற்கு ஈடுசெய் விடுப்பு கேட்டால் ஆள் இல்லை என்று மறுக்கப்படுகிறது. விழாச் செலவுக்கு அவர் தம் கைப்பணத்தைப் போட்டுவிட்டு ரசீதோடு காத்திருக்கிறார். ஏற்பாடு சீராக இல்லை என்ற குறையை அவர்மேல் வைப்பது அநியாயம்.

1931-ல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் தொடங்கிய நடமாடும் நூலகத்தை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். படிப்பவர் இருக்கும் இடத்துக்குப் புத்தகம் போக வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. இன்று ஊருக்குள் கட்டடமும் அலமாரியும் இருக்கும்போது, படிப்பவரைப் பேருந்தில் ஏற்றிப் புத்தகமில்லாத அரங்குக்கு அனுப்பச் சொல்கிறீர்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

சுற்றறிக்கையில் கிளை விழாக்களை நிறுத்தும் பகுதியைத் திரும்பப் பெறுங்கள். தலைநகர் விழா நடக்கட்டும். அதற்கு ஆள் திரட்டுவது வாசகர் வட்டத்தின் கடமை என்ற வரியை நீக்குங்கள். ஒவ்வொரு கிளையும் தன் விழா நாளைத் தானே முடிவு செய்து 60 நாள் முன்னால் உங்களுக்குத் தெரிவிக்கட்டும். 15 நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் அது அனுமதியாகக் கொள்ளப்படும் என்று எழுத்தில் தாருங்கள்.

விழாவுக்கான நூல் இடமாற்றத்துக்கு ஒற்றைப் பக்கப் படிவம் கொடுங்கள். ஏழு நாளில் பிரதிகள் கிளைக்கு வந்து சேரட்டும். விழாவுக்குப் பின் 30 நாள் அங்கேயே இருக்கட்டும். ஏனென்றால் கேட்டவர்கள் தேடி வருவது அந்த முப்பது நாளில்தான். அழைக்கப்பட்ட எழுத்தாளரின் நன்கொடைப் பிரதிகளைப் பதிவேட்டில் ஏற்றும் அதிகாரத்தை, விழாக் காலத்துக்கு மட்டுமாவது, கிளை நூலகரிடம் கொடுங்கள். வாசகர் கேட்கும் நூல்களின் பட்டியலைக் கிளைகளிலிருந்து ஆண்டுக்கு இரு முறை வாங்கித் துறையின் நூல் தேர்வுக்கு உங்கள் பரிந்துரையோடு அனுப்புங்கள். அனுப்பிய பட்டியலைக் கிளையின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் சொல்லுங்கள்.

விழாச் செலவுக்கு முன்பணமாக ஒரு தொகையை நூலக நிதியிலிருந்து ஒதுக்குங்கள். நூலகர் கைப்பணம் போடும் நிலை இருக்கக் கூடாது. மேற்கொண்டு தேவைப்படுவதை வாசகர் வட்டம் ரசீது கொடுத்துத் திரட்டி, கணக்கை விழா முடிந்து பத்து நாளில் நூலக வாசலில் ஒட்டும். நூலகருக்கு விழா நாளுக்கும் அதற்கு முந்தைய நாளுக்கும் ஈடுசெய் விடுப்பு உறுதி செய்யுங்கள். அவர் விடுப்பு எடுக்கும் அந்த இரண்டு நாளும் நூலகம் பூட்டிக் கிடக்காமல் பக்கத்துக் கிளையிலிருந்து மாற்று ஆள் அனுப்புங்கள்.

கழிப்பறையும் சாய்தளமும் இல்லாத கிளைகள் எவை என்ற பட்டியலை மூன்று மாதத்துக்குள் எடுத்து, எந்தக் கிளைக்கு எப்போது என்று தேதியோடு வெளியிடுங்கள்.

கடைசியாக, அடுத்த ஆணைக்குழுக் கூட்டத்தில் இந்த மடலைப் பொருளாக வைத்து, எங்கள் வாசகர் வட்டத்திலிருந்து இருவரைப் பேச அழையுங்கள். இந்த ஆண்டுக்கான நான்கு எழுத்தாளர்களையும் அவர்களின் எட்டு நூல்களையும் தேர்ந்து பட்டியலைக் கிளை நூலகரிடம் கொடுத்துவிட்டோம். எட்டில் மூன்று எங்கள் அலமாரியில் இருக்கின்றன. மீதி ஐந்து தலைப்புகளுக்கு ஐந்து பிரதி வீதம் 25 பிரதிகள் வேண்டும். அவற்றை அனுப்ப உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர் வட்டத்தினர்